முதலில் அவரிடமே பேசுங்கள்: உறவு முறியாமல் தவறைச் சுட்டிக்காட்டுவது எப்படி?

நமக்கு நெருக்கமான ஒருவர் தவறு செய்கிறார். நண்பராக இருக்கலாம், உடன்பிறந்தவராக இருக்கலாம், சபையில் பக்கத்தில் உட்காருபவராக இருக்கலாம். பார்த்தாகிவிட்டது, இனி தெரியாதது போல இருக்க முடியாது. இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் அவரைவிட்டு விலகிப் போகிறோம். இல்லையென்றால், அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்கிறோம். இரண்டிலுமே உறவு அறுந்துபோகிறது. ஏன் அறுந்தது என்பதுகூட அவருக்குத் தெரிவதில்லை.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் 16, 17, 18 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முதல் வசனம் கோள்சொல்லித் திரிய வேண்டாம் என்கிறது. அடுத்தது, "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக, பிறன்மேல் பாவம் சுமராதபடிக்கு அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்" என்கிறது. மூன்றாவது வசனத்தில்தான் நமக்கெல்லாம் மனப்பாடமான கட்டளை வருகிறது: உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு. பிறனை நேசி என்கிற கட்டளையைத் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டிவிடுகிறோம். அதற்கு ஒரு வரி முன்னால் நேருக்கு நேர் கண்டிக்கச் சொல்லியிருப்பதை விட்டுவிடுகிறோம். பேசாமல் மனதுக்குள் வைத்திருப்பதை அந்த வசனம் பொறுமை என்று சொல்லவில்லை. பகை என்கிறது.

இப்படி ஒருவரிடம் முதல்முறையாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவருடைய தவறைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய காது அவருடைய காது.

தொடங்கும் முன்: இது பொருந்தாத இடங்கள்

இதைக் கடைசியில் சொன்னால் சிலர் அதுவரை வாசிக்காமல் போகலாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடி, உதை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு எதிரான குற்றம், உயிருக்கு ஆபத்து ஆகியவற்றில் "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்ற படி பொருந்தாது. பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அங்கே முதல் வேலை. அடுத்தது காவல்துறைக்கும் சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களுக்கும் தெரிவிப்பது. ஆள்பவர்கள் தீமையைத் தண்டிக்க தேவன் வைத்த ஊழியர் என்று ரோமர் 13-இல் பவுல் எழுதுகிறார். அவர்களிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

அடிபடும் ஒரு பெண்ணிடம், "மத்தேயு 18-இன்படி நீ முதலில் அவரிடம் தனியாகப் பேசினாயா?" என்று கேட்பது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. மன்னிக்கச் சொல்லி அவரை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். சபையின் பேர் கெட்டுவிடும் என்று ஒரு குற்றத்தை மூடி வைத்தால், அடுத்த பிள்ளைக்கு நடக்கப் போவதற்கும் நாம் பொறுப்பாகிறோம்.

பேசத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

எல்லாத் தவறுக்கும் ஒரு உரையாடல் தேவையில்லை. "குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு மகிமை" என்று நீதிமொழிகள் 19:11 சொல்கிறது. அன்பு திரளான பாவங்களை மூடும் என்கிறது 1 பேதுரு 4:8. யாரோ ஒருவர் களைப்பில் சுருக்கென்று பேசிவிட்டார், கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார், உங்களுக்கு நன்றி சொல்ல மறந்தார் என்றால் விட்டுவிடலாம். இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுபவரோடு யாராலும் வாழ முடியாது.

பேச வேண்டியது எது என்பதை எப்படி அறிவது? நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். இந்தத் தவறு அவரையே கெடுக்கிறதா? வேறு யாருக்காவது இதனால் நஷ்டமோ காயமோ வருகிறதா? அவரைப் பார்க்கும்போது என் முகம் மாறுகிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. "நான் மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, அவர் வரும் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால், குளிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் அதே சம்பவம் மனதில் ஓடினால், நீங்கள் அதை மூடவில்லை, புதைத்து வைத்திருக்கிறீர்கள். பேசத்தான் வேண்டும்.

நடந்தது என்ன என்று உறுதி செய்யுங்கள்

யோசுவா 22-இல் இருக்கும் சம்பவத்தைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்கு அருகே பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கர்த்தருடைய பலிபீடத்தைத் தவிர வேறொன்றைக் கட்டுவது அவருக்கு எதிரான கலகம் என்று நினைத்து, செய்தி வந்ததும் மற்ற இஸ்ரவேலர் யுத்தத்துக்கே கூடிவிட்டார்கள். ஆனால் வாளை எடுக்கும் முன் ஆசாரியனான பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி, "இது என்ன?" என்று நேரில் கேட்டார்கள். பதில் யாரும் எதிர்பாராதது. அது பலியிடக் கட்டியதே இல்லை. "நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே, அதற்கு ஒரு சாட்சி" என்றார்கள். உள்நாட்டுப் போர் ஒன்று நின்றுபோனது.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். குற்றம் சாட்டப் போனவர்கள், "உங்கள் தேசம் தீட்டாயிருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள், எங்கள் நடுவில் இடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார்கள் (22:19). தங்கள் நிலத்தைப் பகிர்ந்துகொள்ளத் தயாராகப் போனார்கள். நாம் ஒருவரிடம் பேசப் போகும்போது, அவர் தவறிலிருந்து வெளியே வர நாம் எதைக் கொடுக்கத் தயார் என்று யோசித்துக்கொண்டு போகிறோமா?

ஆகவே நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொன்னது எது, நீங்களாக ஊகித்தது எது என்று பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஊகம் என்று எழுதியதையெல்லாம் கேள்வியாக மாற்றுங்கள். அந்தத் தாளைப் பேசப் போகும்போது கையில் கொண்டு போகாதீர்கள். பேசி முடித்த பிறகு கிழித்துப் போடுங்கள்.

உங்கள் கண்ணைப் பாருங்கள்

மத்தேயு 7:5-இல் இயேசு, முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பை அப்படியே விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. கண்ணில் விழுந்த துரும்பை யாராவது எடுக்கத்தான் வேண்டும். எடுப்பவருக்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் இதற்கு ஜெபமும் நேர்மையும் தேவை. "ஆண்டவரே, அவரை மாற்றும்" என்று தொடங்காமல், "நான் எதற்காகப் போகிறேன்?" என்று தொடங்குங்கள். அவர் தலைகுனிவதைப் பார்க்க ஆசையா? நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கவா? அவர் இருக்கும் பொறுப்பு எனக்கு வேண்டுமா? இதில் கொஞ்சமும் கலப்பு இல்லாத மனதோடு போக வேண்டும் என்றால் யாரும் போகவே முடியாது. கலப்பு இருக்கிறது என்று தெரிந்து போவது போதும். அது தெரிந்தவரின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்லிவிட்டு, உடனே "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று சேர்ப்பது இதற்காகத்தான்.

இந்தப் பிரச்சினையில் உங்கள் பங்கும் ஏதாவது இருந்தால், பேசும்போது அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் "நானும் தப்பு, நீங்களும் தப்பு, சரியாகிவிட்டது" என்று கணக்கை நேர் செய்ய அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கோபம் தணியக் காத்திருங்கள். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. எல்லாப் பிரச்சினையையும் அன்று மாலைக்குள் முடித்துவிட முடியாதுதான். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் அவருக்கு எதிரான வழக்கு பெரிதாகிக்கொண்டே போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்

சபைகளில் புறங்கூறுதல் பெரும்பாலும் ஜெபக் குறிப்பு வேடத்தில்தான் வருகிறது. "பிரதர், அவருக்காகக் கொஞ்சம் பாரத்தோடு ஜெபியுங்கள், வீட்டில் நிலைமை சரியில்லை…" இப்படிச் சொன்ன பிறகு அவர் மனந்திரும்பினாலும், கேட்டவர்கள் மனதில் அவர் பழைய ஆளாகவே இருப்பார். அவருக்குத் திரும்பி வர இடமே இல்லாமல் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சம்பந்தப்பட்டவரிடம் பேசாத ஒருவருக்கு அந்தப் பெயரை ஜெபக் கூட்டத்தில் சொல்ல உரிமை இல்லை.

உண்மையிலேயே எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்றால், வாய் அடக்கமான, முதிர்ந்த ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம். பெயர் சொல்லாமல் கேட்க முடிந்தால் அப்படியே கேளுங்கள். "என்ன செய்யட்டும்?" என்று கேட்பது ஆலோசனை. "அவர் எப்படிப்பட்டவர் பார்த்தீர்களா?" என்று கேட்டால் அது கோள்.

இடம், நேரம், வழி

நேரில் போங்கள். தூரத்தில் இருந்தால் தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். எழுத்தில் உங்கள் குரல் போகாது, முகம் போகாது; எழுதியது அப்படியே படம் பிடிக்கப்பட்டு நாலு பேருக்குப் போகும். "உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும், எப்போது வரட்டும்?" என்று கேட்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அப்படிக் கேட்டுவிட்டு நாலு நாள் காக்க வைப்பதும் கொடுமை. அன்றைக்கோ மறுநாளோ சந்தித்துவிடுங்கள்.

ஆராதனை தொடங்கும் முன் வாசலில் நிறுத்திப் பேசாதீர்கள். பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால், பிறர் கண்ணில் படும், ஆனால் காதில் விழாத இடம் நல்லது. அதிகாரத்தில் இருப்பவரிடம் தனியாகப் போகப் பயமாக இருந்தால், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வதில் தவறு இல்லை.

வயதில் மூத்தவர் என்றால் 1 தீமோத்தேயு 5:1 தெளிவாக வழி காட்டுகிறது. முதிர்வயதுள்ளவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல நினைத்துப் புத்திசொல்ல வேண்டும். அப்பாவிடம் ஒரு தவறைச் சொல்ல நேர்ந்தால் எப்படிச் சொல்வோம்? உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கேட்பது போலச் சொல்வோம். அதே விதத்தில் சொல்லுங்கள். மூத்தவர் என்பதற்காகச் சொல்லாமலே விட அந்த வசனம் அனுமதி தரவில்லை.

எப்படிச் சொல்வது

உதாரணத்துக்கு, வாலிபர் ஐக்கியத்தில் நிதிப் பொறுப்பைப் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகாமுக்காக வசூலித்த பணத்தில் ஒரு பகுதி கணக்கில் வரவில்லை. நீங்கள் பதிவேட்டை நேரில் பார்த்திருக்கிறீர்கள். இப்படித் தொடங்கலாம்:

"அண்ணா, இதை உங்ககிட்ட சொல்றது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. வேற யார்கிட்டயும் நான் பேசலை. முகாமுக்கு வசூலான தொகையையும் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்தேன், ஒரு பகுதி இடிக்குது. எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கலாம். என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்றீங்களா?"

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அவருக்குப் பின்னால் பேசவில்லை என்ற உறுதி இருக்கிறது. பயத்தில் பாதி அதிலேயே போய்விடும். பார்த்தது மட்டும் இருக்கிறது. "எடுத்துட்டீங்க", "திருடிட்டீங்க" என்ற தீர்ப்பு இல்லை. அவர் விளக்கம் சொல்ல வாசல் திறந்திருக்கிறது. கேள்வியோடு முடிகிறது. கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதி உங்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அதை நிரப்ப இன்னும் நாலு வாக்கியம் பேசத் தோன்றும். பேசாதீர்கள். பெரும்பாலும் உண்மை அந்த இடைவெளியில்தான் வெளியே வருகிறது.

தவிர்க்க வேண்டிய சொற்கள் சில உண்டு. "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்றால் அவர் அந்த "எப்பவுமே"வை மறுப்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். "எல்லாரும் சொல்றாங்க" என்றால், யார் யார் என்ற தேடல் தொடங்கிவிடும். பழைய தவறுகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். "கர்த்தர்தான் என்னிடம் சொன்னார்" என்று தொடங்குவதும் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் உங்களுக்குப் பதில் சொன்னால் கர்த்தருக்கே எதிர்ப்பேச்சு பேசியதாகிவிடும். வசனத்தைச் சொல்ல வேண்டிய நேரம் வரும், அப்போது சொல்லுங்கள். முதல் வாக்கியத்திலேயே வசனத்தை எடுத்து வீசாதீர்கள்.

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகவைத்த தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் போனது 2 சாமுவேல் 12-இல் இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையிடமிருந்து அதையும் ஒரு பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீதின் நியாய உணர்வு முழுவதும் எழுந்து, குற்றவாளிக்குத் தாவீதே தீர்ப்புச் சொன்ன பிறகு, "நீயே அந்த மனுஷன்" என்றார். சுற்றி வளைத்துப் போனாலும், கடைசியில் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். சாந்தமாகப் பேசப் போய்க் கடைசிவரை விஷயத்தையே சொல்லாமல் திரும்பிவருகிறவர்கள் இந்த இடத்தை வாசிக்க வேண்டும். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று எழுந்து வந்துவிட்டால், போன நோக்கம் நிறைவேறவில்லை.

அவர் பேசும்போது

காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுவது புத்தியீனமும் வெட்கமும் என்கிறது நீதிமொழிகள் 18:13. அவர் சொல்வதைக் கேட்டு, நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "வீட்டில் அவசரச் செலவு வந்தது, அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று நினைத்தீர்கள், அப்படித்தானே?" இப்படித் திருப்பிச் சொன்னால் அவர் செய்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. தன்னைப் புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகுதான் மனிதன் தற்காப்பைக் கீழே வைப்பான்.

சிலர் அழுவார்கள். ஆறுதல் சொல்லுங்கள், ஆனால் கண்ணீரைக் கண்டதும் விஷயத்தை மூடிவிடாதீர்கள். சிலர் திருப்பித் தாக்குவார்கள்: "நீ மட்டும் யோக்கியமா?" அதில் உண்மை இருந்தால் அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் சொல்வது சரிதான், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதைத் தனியாக உட்கார்ந்து பேசுவோம். இப்போது இந்தக் கணக்கை என்ன செய்யலாம்?" குரல் உயர்ந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி எழுந்துவிடலாம். மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும் என்பதை எப்போதும் உடனே காண முடியாது. அன்றைக்குக் கத்தியவர் ஒரு வாரம் கழித்துத் தானே தேடி வருவதும் உண்டு.

உங்கள் ஊகம் தவறு என்று தெரிய வந்தால், தாமதிக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். வேறு யாரிடமும் சொல்லாமல் வந்ததன் அருமை அப்போது தெரியும்.

கேட்கவில்லை என்றால்

மத்தேயு 18:15-17 படிப்படியாகப் போகிறது: முதலில் தனியே, அடுத்து ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் சபைக்கு. ஒரு சந்திப்பில் கேட்கவில்லை என்றால் உடனே அடுத்த படிக்குத் தாவ வேண்டியதில்லை. மீண்டும் ஒரு முறை தனியாகப் பேசிப் பாருங்கள்.

ஓரிருவரைக் கூட்டிப் போகும்போது யாரை அழைப்பது என்பது மிக முக்கியம். உங்கள் பக்கம் பேசுபவர்களை அழைத்துக்கொண்டு போனால் அது முற்றுகை. இரண்டு மூன்று சாட்சிகள் என்பது உபாகமம் 19:15-இலிருந்து வருகிறது. ஒருவன் வாயால் மட்டும் மற்றவன் குற்றவாளி ஆகிவிடக் கூடாது என்று காக்கும் சட்டம் அது. வருகிறவர்கள் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். நீங்கள்தான் தவறு என்றும் அவர்கள் சொல்லக்கூடும். அதைக் கேட்கத் தயாராக இருந்தால் மட்டும் அழைத்துப் போங்கள். அவரும் மதிக்கும் ஒருவர் இருந்தால் மிகவும் நல்லது.

அப்போதும் கேட்கவில்லை என்றால் சபையின் மூப்பர்களிடம் போக வேண்டியதுதான். சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக என்று வசனம் முடிகிறது. இதை வாசித்துவிட்டுச் சிலர் நல்லது கெட்டதுக்குக்கூடப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வசனத்தை எழுதிவைத்த மத்தேயுவே ஆயத்துறையிலிருந்து, அதாவது வரி வசூலிக்கும் இடத்திலிருந்து, அழைக்கப்பட்டவர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்தார். பொறுப்பிலிருந்து நீக்குவதும், எல்லாம் சரியாக இருப்பது போல நடிக்காமல் இருப்பதும் சரி. அவரை மறுபடி அழைப்பதை நிறுத்தக் கூடாது. அந்த அதிகாரத்தில் இந்தப் பகுதிக்கு முன்னால் காணாமல்போன ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பன் இருக்கிறான். பின்னால், தான் மன்னிக்கப்பட்டும் உடன்வேலைக்காரனை மன்னிக்காத ஊழியக்காரன் இருக்கிறான். இரண்டையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் சபை ஒழுங்குச் சட்டமாக்கிக்கொண்டால் அது கொடூரமாகிவிடும்.

பலர் முன்னால் நடந்த தவறை, பலர் முன்னால்தான் திருத்த வேண்டியிருக்கும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார்; பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவிடம் கேட்டார் (கலாத்தியர் 2). அவமானப்பட்டு ஒதுங்கி உட்கார்ந்த புறஜாதியாரும் அதைக் கேட்க வேண்டியிருந்தது. பிற்பாடு இரண்டாம் பேதுரு நிருபம் பவுலை "நமக்குப் பிரியமான சகோதரன்" என்று குறிப்பிடுகிறது. பகிரங்கமான கண்டிப்பையும் தாண்டி அந்த உறவு நின்றது.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசாரியனான ஏலி, தவறு செய்த தன் மகன்களிடம் பேசாமல் இல்லை, பேசினார் (1 சாமுவேல் 2). ஆனால் அவர்களைத் தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அடக்கவில்லை என்பதே அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. நிதியைக் கையாளும் ஒருவர் தவறு செய்தார் என்று தெரிந்தால், பேசியதோடு நிறுத்தாமல், அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுக்கவும் வேண்டும்.

பேசிய பிறகு

கடினமான பேச்சை முடித்துவிட்டு, அப்பாடா என்று நாம் திரும்பிப் போய்விடுகிறோம். அவர் தனியாக வீட்டில் உட்கார்ந்து, இனி இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். உறவு பிழைக்குமா என்பது பேசிய அரை மணி நேரத்தில் முடிவாவதில்லை. அதற்கு அடுத்த சில நாட்களில்தான் முடிவாகிறது.

ஓரிரு நாளில் நீங்களே அவரைக் கூப்பிடுங்கள். அந்த விஷயத்தைப் பேசுவதற்காக அல்ல. வழக்கமாக எதற்குக் கூப்பிடுவீர்களோ அதற்காக. அடுத்த ஆராதனையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கு உங்கள் உதவி தேவைப்பட்டால் செய்யுங்கள், அவரிடமும் ஒரு உதவி கேளுங்கள். தவறு செய்தவரிடம் உதவி கேட்பதைப் போல அவர் மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது வேறு எதுவும் இல்லை. தாவீதைக் கண்டித்த நாத்தான், அதே அதிகாரத்தில் சாலொமோன் பிறந்தபோது யெதிதியா என்ற பெயரைக் கொண்டுவந்தார். கர்த்தர் அந்தக் குழந்தையை நேசித்தார் என்ற செய்தி அது. தாவீது முதிர்ந்து படுக்கையில் இருந்தபோதும், சாலொமோனின் அரசுரிமைக்காக அவரிடம் வந்து நின்றவர் நாத்தான்தான்.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒரே வேகத்தில் வராது. அவர் மனஸ்தாபப்பட்டால் மன்னித்துவிடு என்று லூக்கா 17:3 சொல்கிறது. ஒரே நாளில் ஏழு தரம் வந்தாலும் மன்னிக்கச் சொல்கிறது அடுத்த வசனம். ஆனால் பணப் பொறுப்பைத் திரும்பக் கொடுப்பது வேறு விஷயம். "உங்களை மன்னித்துவிட்டேன், மனதில் ஒன்றும் இல்லை. கணக்கை மட்டும் இப்போதைக்கு இன்னொருவர் பார்க்கட்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். ஆயக்காரனான சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக அவனே சொன்னான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி செய்து கொடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுக்கட்டும்.

முடிந்த விஷயத்தைத் திரும்ப எடுக்காதீர்கள். கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் பவுல் எழுதும்போது, கிடைத்த தண்டனை போதும், அதிக துக்கத்தில் அவர் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார் (2 கொரிந்தியர் 2). கண்டிக்க முன்வருகிற அளவுக்கு ஆறுதல் சொல்ல நாம் முன்வருவதில்லை.

உறவு திரும்பவில்லை என்றால்

எல்லாம் சரியாகச் செய்தும் அவர் விலகிப் போய்விடலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 தொடங்குகிறது. உங்களாலானது முடிந்த பிறகு மீதி உங்கள் கையில் இல்லை. அவரைப் பற்றிக் கெட்டது பேசாமல் இருக்கலாம், வழியில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசலாம், ஜெபிக்கலாம். முன்பு ஊழியத்தில் பாதியில் விட்டுப்போன மாற்குவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்ற சண்டையில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15). பல ஆண்டுகள் கழித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்துக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று கேட்கிறார். ஆகவே அவரைப் பற்றிக் கடைசி வார்த்தை என்று எதையும் சொல்லி வைக்காதீர்கள்.

உங்களிடம் ஒருவர் வந்தால்

இதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒருநாள் எதிர் நாற்காலியிலும் உட்காருவோம். தன்னை அவமதித்த நாபாலைக் கொல்லப் போன தாவீதை, நாபாலின் மனைவி அபிகாயில் வழிமறித்துப் பேசினாள். தாவீது அவளையும் அவள் யோசனையையும் ஆசீர்வதித்து, பட்டயத்தை உறையில் போட்டுத் திரும்பினார் (1 சாமுவேல் 25). உங்களிடம் வருகிறவர் அந்த அளவு நயமாகப் பேசாமல் போகலாம். தடுமாறுவார், தவறான நேரத்தில் வருவார், சொன்னதில் பாதி சரியில்லாமலும் இருக்கும். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. "என்னிடமே வந்து சொன்னதற்கு நன்றி. யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் மறக்காமல் நீங்களே அவரைத் தேடிப் போய், சரியான பாதியை ஒத்துக்கொள்ளுங்கள். சரியில்லாத பாதியைக் கோபப்படாமல் விளக்குங்கள்.